டியர்போர்ன் ஏன் மாறியது, அதனால்தான் ஹாரிஸ் தோற்றாரா?

கேள்வியை முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். "2024-இல் மிச்சிகனில் இருக்கும் அரபு முஸ்லிம்கள் காசா கோபத்தில் டிரம்புக்குப் போட்டதால்தான் கமலா ஹாரிஸ் தோற்றாரா? எங்கோ நடக்கும் போருக்காக ஒரு சமூகமே கட்சி மாறுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே மூச்சில் கேட்டிருந்தாலும் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த மக்கள் மாறினார்களா, ஏன் மாறினார்கள் என்பது ஒன்று. அவர்கள் மாறியதால் முடிவு மாறியதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில்: ஆமாம், மாறினார்கள், பெரும்பாலும் காசாவும் லெபனானும்தான் காரணம். இரண்டாவதற்கு: இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் தேர்தல் முடிந்த மறுநாளிலிருந்து இத்தனை சண்டை.

நான் டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் வருடக்கணக்காக இருக்கிறேன். கருத்துக்கணிப்புத் தரவுகளைச் சரிபார்த்து, மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப எடை போட்டுத் தருவது என் பிழைப்பு. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன் என்பதால் இங்கே எனக்கு ஓட்டு கிடையாது. யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. துளசேந்திரபுரத்துக் கோவிலில் ஹாரிஸுக்காக அபிஷேகம் நடந்ததைச் செய்தியில் பார்த்த நம்மவர்கள் பலருக்கு இந்தத் தோல்வி கொஞ்சம் சொந்த விஷயமாகிவிட்டது. பழி போட ஆள் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சந்தேகமே இல்லாத எண்கள். டியர்போர்ன், மிச்சிகனில் டெட்ராய்டை ஒட்டி சுமார் 1.1 லட்சம் பேர் வாழும் ஊர். ஹென்றி ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும் என்று நூறு வருடங்களுக்கு முன்பு லெபனானிலிருந்தும் ஏமனிலிருந்தும் வந்தவர்கள் போட்ட அடித்தளம் அது. பிறகு உள்நாட்டுப் போர் காலத்தில் தெற்கு லெபனானிலிருந்தும், சதாமுக்குப் பயந்து இராக்கிலிருந்தும் அலை அலையாக வந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களை அரபு, மத்தியக் கிழக்கு வம்சாவளியினர் என்று பதிவு செய்தார்கள். அந்த ஊரில் 2020-இல் பைடனுக்கு ஏறக்குறைய 69 சதவீதம், டிரம்புக்கு 30 சதவீதம். நான்கே வருடம் கழித்து டிரம்புக்கு 42 சதவீதத்துக்குச் சற்று மேல், ஹாரிஸுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18. பக்கத்தில் ஏமனியர்களும் வங்கதேசத்தினரும் நிறைந்த ஹாம்டிராமக்கில் பைடன் 85 சதவீதம் வாங்கியிருந்தார். ஹாரிஸ் அங்கே 46, டிரம்ப் 43. என் தொழிலில் இப்படியான சரிவைப் பார்த்தால் முதலில் தரவில் எங்கேயோ பிழை இருக்கிறது என்றுதான் நினைப்போம். இங்கே பிழை இல்லை.

சரி, இப்போது கணக்கு. 2020-இல் மிச்சிகனில் பைடனின் முன்னிலை 1,54,188 வாக்குகள். 2024-இல் டிரம்பின் முன்னிலை சுமார் 80 ஆயிரம். ஆக மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 2.34 லட்சம் வாக்கு அளவுக்கு முன்னிலை இடம் மாறியிருக்கிறது. இதில் டியர்போர்னின் பங்கு எவ்வளவு? 2020-இல் அங்கே பைடன் சுமார் 17 ஆயிரம் வாக்கு முன்னிலையில் இருந்தார். 2024-இல் டிரம்ப் இரண்டாயிரத்துச் சொச்சம் முன்னிலை. கூட்டினால் சுமார் 20 ஆயிரம், அதாவது மாநில மாற்றத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹாம்டிராமக், டியர்போர்ன் ஹைட்ஸ் போன்ற பக்கத்து ஊர்களைச் சேர்த்தாலும் 80 ஆயிரம் என்ற இடைவெளியை நெருங்காது. "ஸ்டைன் ஓட்டைப் பிரித்தார்" என்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம். மாநிலம் முழுவதும் அவருக்கு விழுந்தது 44 ஆயிரத்துச் சொச்சம். அதில் ஒன்று விடாமல் ஹாரிஸுக்குக் கொடுத்தாலும் அவர் 35 ஆயிரம் வாக்குகள் குறைவாகத்தான் நிற்பார்.

அதற்கு மேல் இன்னொரு படி இருக்கிறது. அமெரிக்காவில் மொத்த வாக்கு அதிபரைத் தீர்மானிப்பதில்லை. மாநிலவாரியாகக் கிடைக்கும் எலக்டோரல் வாக்குகளில் 270-ஐத் தொட வேண்டும். மிச்சிகனுக்கு 15. ஹாரிஸ் மொத்தம் பெற்றது 226. மிச்சிகனைச் சேர்த்துக் கொடுத்தாலும் 241தான். அவர் ஜெயிக்க இருந்த மிகக் குறுகிய வழிக்கே மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் அவர் தோற்றது சுமார் 1.2 லட்சம் வாக்கில். அங்கே டியர்போர்ன் போல ஒரு ஊர் இல்லை. ஆகவே "அரபு வாக்காளர்கள்தான் டிரம்பைக் கொண்டுவந்தார்கள்" என்பது கணக்குத் தெரியாத பேச்சு. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அப்படியானால் மீதி இரண்டு லட்சத்துக்கு மேல் எதனால் போனது? விலைவாசி. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. பிறகு இறங்கியது உண்மை. ஆனால் பணவீக்கம் இறங்கினால் விலை இறங்காது, ஏறும் வேகம்தான் குறையும். முட்டையும் வாடகையும் வீட்டுக்கடன் வட்டியும் ஏறிய இடத்திலேயே நின்றன. அதே 2024-இல் பிரிட்டனில் கன்சர்வேடிவ் கட்சி ஆட்சியை இழந்தது, ஜப்பானில் ஆளும் கட்சி பெரும்பான்மையை இழந்தது, தென்னாப்பிரிக்காவில் ஏ.என்.சி. முதன்முறையாகப் பாதிக்குக் கீழே போனது. ஆட்சியில் இருந்தவர்களுக்கு ஆகாத வருடம் அது. வாக்குச்சாவடிக்கு வெளியே எடுத்த எக்ஸிட் போலில் "எந்தப் பிரச்சினையை வைத்து ஓட்டுப் போட்டீர்கள்" என்று கேட்டபோது வெளியுறவுக் கொள்கை என்று சொன்னவர்கள் நாடு முழுவதும் வெறும் 4 சதவீதம். பொருளாதாரம் என்றவர்கள் 30 சதவீதத்துக்கு மேல்.

இந்த 4 சதவீதத்தை வைத்து "அமெரிக்கர்களுக்கு வெளியுறவு ஒரு பொருட்டே இல்லை" என்று முடிவு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவசர முடிவு அது. சராசரி என்பது எல்லோரையும் கரைத்துவிடும். நாடு முழுவதும் 4 சதவீதமாகத் தெரிவது, ஒரே ஊரில் குவிந்திருக்கும் சமூகத்துக்குள் போனால் பெரும்பான்மையின் முதல் கவலையாக இருக்கலாம். டியர்போர்னில் அப்படித்தான் இருந்தது. அங்கே அது வெளியுறவுக் கொள்கையே இல்லை, குடும்ப விஷயம். ஊரின் லெபனானியக் குடும்பங்களில் ஏராளமானவை இஸ்ரேல் எல்லையை ஒட்டிய பிந்த் ஜுபெய்ல் வட்டாரத்தைச் சேர்ந்தவை. 2024 செப்டம்பரில் போர் லெபனானுக்குள் விரிந்து குண்டு விழ ஆரம்பித்தபோது, வாரன் அவென்யூவில் ரொட்டிக்கடை வரிசையில் நிற்பவர்கள் கையில் எல்லாம் வாட்ஸ்அப் திறந்திருந்தது. பெரியம்மா வீடு இருக்கிறதா இல்லையா என்பதுதான் பேச்சு. அந்தக் குண்டுகளில் அமெரிக்கா கொடுத்தவையும் இருக்கின்றன என்பதும், தாங்கள் கட்டும் வரிப்பணம் அதில் இருக்கிறது என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேர்தலுக்கு அப்போது சுமார் ஆறு வாரம்தான் இருந்தது.

கோபம் எப்படி ஓட்டாக மாறியது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் புரியும். 2024 ஜனவரியில் பைடனின் பிரசார மேலாளர் டியர்போர்னுக்கு வந்தார். மேயர் அப்துல்லா ஹம்மூத் சந்திக்க மறுத்தார். ஜனநாயகக் கட்சிக்காரரான மேயர், தன் கட்சி அதிபரின் ஆளைச் சந்திக்க மறுப்பது சாதாரண விஷயமில்லை. அடுத்து பிப்ரவரி 27 பிரைமரி, அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். மிச்சிகன் பிரைமரி வாக்குச்சீட்டில் 'அன்கமிட்டட்' என்று ஒரு கட்டம் உண்டு. நம்மூர் நோட்டா மாதிரி, ஆனால் கட்சிக்குள்ளேயே. பைடனுக்கு எச்சரிக்கை கொடுக்க அதை நிரப்புங்கள் என்று பிரசாரம் நடந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் விழுந்தது, ஏறத்தாழ 13 சதவீதம். நவம்பருக்கு எட்டு மாதம் முன்பே எழுத்தில் வந்த எச்சரிக்கை. ஜூலையில் பைடன் விலகி ஹாரிஸ் வேட்பாளரானார். ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த கட்சி மாநாட்டில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்குப் பேச நேரம் கொடுங்கள் என்று 'அன்கமிட்டட்' தரப்புப் பிரதிநிதிகள் கேட்டார்கள், கட்சி மறுத்தது. அதற்குச் சில நாள் முன்பு டெட்ராய்ட் அருகே நடந்த கூட்டத்தில் கோஷம் போட்டவர்களைப் பார்த்து, டிரம்ப் ஜெயிக்க வேண்டுமென்றால் அதைச் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஹாரிஸ் அடக்கினார். அரங்கம் கைதட்டியது. டியர்போர்னில் அந்த வீடியோ வேறு விதமாகச் சுற்றியது.

அப்புறம் அக்டோபர் 21. ஹாரிஸ் மிச்சிகனில், இளைய புஷ்ஷின் துணை அதிபராக இருந்த டிக் செய்னியின் மகள் லிஸ் செய்னியை மேடையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். புறநகரில் இருக்கும் மிதவாதக் குடியரசுக் கட்சிக்காரர்களை இழுப்பது நோக்கம். ஆனால் செய்னி என்ற குடும்பப்பெயர் அரபு வீடுகளில் இராக் போரின் பெயர். யாரை இழுக்கிறோம், யாரை இழக்கிறோம் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருப்பார்கள். கணக்கு தப்பு என்பது என் அபிப்பிராயம். நவம்பர் 1 அன்று டிரம்ப் டியர்போர்னிலேயே ஓர் உணவகத்துக்கு வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். அவருடைய மகள் டிஃபனியின் மாமனார் மசாத் பூலோஸ் லெபனானியர். மாதக்கணக்கில் இந்த ஊர்களில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர். 2017-இல் ஏமன் உட்பட பல முஸ்லிம் நாடுகளுக்குப் பயணத்தடை போட்டவரும், இஸ்ரேலில் உள்ள தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றியவரும் அதே டிரம்ப்தான். அது அங்கே யாருக்கும் மறக்கவில்லை. "இவர் நல்லவர் என்று போடவில்லை, அவர்களுக்குப் புத்தி வரட்டும் என்று போட்டோம்" என்பதுதான் நான் திரும்பத் திரும்பக் கேட்ட வாதம். ஹாம்டிராமக் மேயர் அமர் காலிப், டியர்போர்ன் ஹைட்ஸ் மேயர் பில் பஸ்ஸி இருவரும் வெளிப்படையாகவே டிரம்ப் பக்கம் போனார்கள்.

இங்கே வாக்குச்சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விசுவாசம் எங்கே உடைந்தது, எங்கே உடையவில்லை என்பது அதில்தான் தெரிகிறது. மிச்சிகன் சீட்டின் உச்சியில் 'ஸ்ட்ரெயிட் பார்ட்டி' என்று ஒரு பகுதி. அதில் ஒரு கட்சிக்கு நேரே இருக்கும் சின்ன நீள்வட்டத்தைப் பேனாவால் நிரப்பினால், அதிபர் முதல் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதவி வரை கட்சி சார்ந்த எல்லா இடத்துக்கும் அந்தக் கட்சிக்கே ஓட்டு. நடுவில் ஒரு முறை எடுக்கப் பார்த்தார்கள். 2018-இல் மக்கள் வாக்கெடுப்பில் உறுதியாகத் திரும்ப வந்தது. இதில் ஒரு நெளிவும் உண்டு: மேலே ஜனநாயகக் கட்சியை நிரப்பிவிட்டு, கீழே அதிபர் பகுதியில் மட்டும் வேறு பெயரை நிரப்பலாம். எந்திரம் அதிபர் ஓட்டை அந்தப் பெயருக்கும் மற்றதையெல்லாம் ஜனநாயகக் கட்சிக்கும் எண்ணும். டியர்போர்னில் இந்தச் சீட்டு அரபியிலும் கிடைக்கும்.

இப்போது அதே ஊர், அதே நாள் முடிவைப் பாருங்கள். பாலஸ்தீன வம்சாவளியினரான ஜனநாயகக் கட்சியின் ரஷீதா தலைப் டியர்போர்னில் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். அவர் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கு அங்கே கிடைத்தது 36. மாநில அளவில் செனட் போட்டியில் அதே கட்சியின் எலிசா ஸ்லாட்கின் சுமார் 19 ஆயிரம் வாக்கில் ஜெயித்தே விட்டார். ஆக டியர்போர்னில் ஏராளமானோர் கட்சியைத் தூக்கி எறியவில்லை, ஒரே ஒரு வரியில் கட்சியைத் தண்டித்தார்கள். கட்சி மாறுவது வேறு, தண்டிப்பது வேறு. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அடுத்த தேர்தலில்தான் வித்தியாசம் தெரியும்.

இனி சந்தேகத்துக்கு உரிய பகுதி. டியர்போர்னில் டிரம்புக்கு 42 சதவீதம் என்றால் அரபு மக்களில் 42 சதவீதம் என்று அர்த்தம் இல்லை. ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் அரபு அல்லாதவர்கள். ஊரின் மேற்குப் பகுதியில் வெள்ளையர் அதிகம், அவர்களில் பலர் எப்போதும் குடியரசுக் கட்சிக்குப் போடுபவர்கள். ஊர் மொத்தத்தை வைத்து ஆளைப் பற்றிப் பேசுவது எங்கள் துறையில் முதல் வருடத்திலேயே எச்சரிக்கப்படும் தவறு. வாக்குச்சாவடி வாரியாகப் பிரித்தால் கிழக்கிலும் தெற்கிலும் சரிவு இன்னும் செங்குத்தாக இருக்கிறது என்று சொல்லலாம். தனி ஆள் அளவில் சதவீதம் சொல்ல முடியாது. சரி, கருத்துக்கணிப்பு எடுத்துக் கேட்கலாமே என்பீர்கள். அதிலும் சிக்கல். அமெரிக்கக் கணக்கெடுப்பில் அரபு மக்களுக்கு இதுவரை தனிக் கட்டமே கிடையாது. 'வெள்ளையர்' கட்டத்தில்தான் போட்டார்கள், வேண்டுமானால் வம்சாவளியைக் கையால் எழுதிச் சேர்க்கலாம், அவ்வளவுதான். மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்ற தனிப் பிரிவை மத்திய அரசு ஏற்றுக்கொண்டதே 2024 மார்ச்சில்தான். மொத்தம் எத்தனை பேர் என்றே உறுதியாகத் தெரியாத சமூகத்துக்கு எடை போடுவது எப்படி? நாடு தழுவிய கணிப்பு ஒன்றில் இவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான் வந்து மாட்டுவார்கள். அதை வைத்து டிவியில் வரைபடம் போடுபவர்களை நம்ப வேண்டாம்.

காசா மட்டும்தான் காரணமா என்பதிலும் கொஞ்சம் நிதானம் தேவை. 2022 அக்டோபரில், காசா போருக்கு ஒரு வருடம் முன்பே, டியர்போர்ன் பள்ளி வாரியக் கூட்டத்தில் நூலகத்தில் இருந்த பாலினம் சார்ந்த சில புத்தகங்களை எதிர்த்துப் பெற்றோர்கள் பெரிய ரகளை செய்தார்கள். 2023 ஜூனில் முழுக்க முஸ்லிம் உறுப்பினர்களைக் கொண்ட ஹாம்டிராமக் நகரசபை, அரசுக் கட்டடங்களில் தன்பாலின ஈர்ப்பாளர்களின் வானவில் கொடி ஏற்றுவதற்குத் தடை போட்டது. ஆக ஜனநாயகக் கட்சியோடு இருந்த பிணைப்பு பண்பாட்டு விஷயங்களில் ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்தது. காசா வராமல் இருந்திருந்தால் இவர்களில் ஒரு பகுதியினர் மெதுவாக நகர்ந்திருப்பார்கள். எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் ஹாரிஸை விட்டவர்களில் கணிசமானோர் ஸ்டைனிடம் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். வானவில் கொடி பிடிக்காதவர், அந்த விஷயத்தில் ஜனநாயகக் கட்சியைப் போலவே இருக்கும் பசுமைக் கட்சிக்குப் போட மாட்டார். அந்த 18 சதவீதம் கிட்டத்தட்ட முழுவதும் போரை எதிர்த்து விழுந்த ஓட்டு என்று தைரியமாகச் சொல்வேன். டிரம்புக்குக் கூடுதலாகப் போனதில் இரண்டும் கலந்திருக்கிறது.

இதே சமூகம் ஏற்கெனவே ஒரு முறை எதிர்த்திசையில் போயிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2000-இல் ஜார்ஜ் புஷ், அல் கோருடன் நடந்த இரண்டாவது விவாதத்தில், குடியேற்ற வழக்குகளில் அரபு அமெரிக்கர்கள் மேல் ரகசியச் சாட்சியம் பயன்படுத்தப்படுவதை எடுத்துக் கண்டித்தார். முக்கியமான முஸ்லிம் அமைப்புகள் சில அவருக்கு ஆதரவு அறிவித்தன. அடுத்த வருடம் செப்டம்பர் 11. பிறகு அரசின் கண்காணிப்பு அதிகாரத்தைக் கூட்டிய பேட்ரியட் சட்டம், விமான நிலைய விசாரணைகள், 2003-இல் இராக். (சதாம் விழுந்த அன்று டியர்போர்னில் இராக்கிய ஷியாக்கள் தெருவில் இறங்கி ஆடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், 'அரபு ஓட்டு' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது எப்போதுமே வசதிக்காகத்தான்.) 2004-இல் அவர்கள் கெர்ரி பக்கம் வந்துவிட்டார்கள், அங்கேயே இருபது வருடம் இருந்தார்கள். ஆக 2023-இல் கட்சி "நம்ம ஓட்டு" என்று நினைத்துக்கொண்டிருந்தது தாத்தா காலத்துச் சொத்து இல்லை.

இடம் மாறி நிரந்தரமாகத் தங்கியவர்களும் உண்டு. புளோரிடாவில் கியூபர்கள். 1961-இல் காஸ்ட்ரோவைக் கவிழ்க்க நடந்த பே ஆஃப் பிக்ஸ் படையெடுப்பைக் கென்னடி பாதியில் கைவிட்டார் என்ற கோபம் இரண்டு தலைமுறைக்கு ஓடியது. 2000 ஏப்ரலில், கடல் வழியாகத் தப்பி வந்த எலியான் என்ற கியூபச் சிறுவனை, அவன் தந்தையிடம் ஒப்படைப்பதற்காக, மயாமியில் உறவினர் வீட்டில் இருந்து துப்பாக்கியோடு வந்த கிளிண்டன் அரசின் அதிகாரிகள் தூக்கிப்போனார்கள். அந்த நவம்பரில் புஷ் புளோரிடாவை வென்றது 537 வாக்கில். இங்கேதான் உங்கள் கேள்விக்கு உண்மையான 'ஆமாம்' இருக்கிறது. ஒரு சமூகத்தின் கோபம், அது வாழும் மாநிலம், மயிரிழை வித்தியாசம், அந்த ஒரு மாநிலமே முடிவைத் தீர்மானிக்கும் நிலை என்று நான்கும் ஒரே நாளில் சேர வேண்டும். 2000-இல் சேர்ந்தன. 2024-இல் முதல் இரண்டு மட்டும்தான் இருந்தன. கியூபர்கள் அதிகம் வாழும் மயாமி-டேட் கவுன்ட்டி 2016-இல் ஹிலரிக்கு ஏறக்குறைய 29 புள்ளி முன்னிலை கொடுத்து, 2020-இல் பைடனுக்கு 7 புள்ளியாகச் சுருங்கி, 2024-இல் டிரம்புக்கு 11 புள்ளி கொடுத்தது. அதற்குக் கியூபா கொள்கை மட்டும் காரணம் இல்லைதான். ஆனால் 'சோஷலிசம்' என்ற சொல்லைக் கேட்டால் அங்கே பாட்டிகள் எழுந்து உட்கார்வார்கள் என்பது எந்தப் பிரசாரகருக்கும் தெரியும்.

ஹாரிஸின் நிலைமைக்கு மிக அருகில் இருப்பது 1968. லிண்டன் ஜான்சன் வியட்நாமால் நொறுங்கி மார்ச் 31 அன்று போட்டியில் இருந்து விலகினார்; துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரே வேட்பாளரானார். மேலே உட்கார்ந்திருக்கும் அதிபரின் போரைத் துணை அதிபர் எதிர்க்கவும் முடியாது, ஆதரித்தால் சொந்தக் கட்சிக்காரனே வேலைக்கு வர மாட்டான். செப்டம்பர் கடைசியில் கேலப் கணிப்பில் நிக்சன் 43, ஹம்ஃப்ரே 28. செப்டம்பர் 30 அன்று சால்ட் லேக் சிட்டியில் ஹம்ஃப்ரே, நான் வந்தால் குண்டுவீச்சை நிறுத்துவேன் என்று கொஞ்சமாக விலகி நின்றார். கடைசியில் 43.4-க்கு 42.7 என்று நூலிழையில் தோற்றார். அந்தப் பேச்சுதான் அவரை மீட்டது, ஒரு வாரம் முன்னாலேயே பேசியிருக்கலாமே என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அதே வாரங்களில் தொழிற்சங்கங்கள் வடக்கு மாநிலத் தொழிலாளர்களை மூன்றாவது வேட்பாளரான ஜார்ஜ் வாலஸிடம் இருந்து இழுத்துக் கொண்டுவந்தன, அக்டோபர் 31 அன்று ஜான்சனே குண்டுவீச்சை நிறுத்தினார். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் ஹம்ஃப்ரே முயற்சியாவது செய்தார். 2024 அக்டோபர் 8 அன்று தொலைக்காட்சியில், பைடனிடமிருந்து எதில் வேறுபட்டுச் செய்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு, மனதில் எதுவும் தோன்றவில்லை என்று ஹாரிஸ் பதில் சொன்னார். அதைக் காசாவுக்காக மட்டும் அல்ல, முட்டை விலைக்காகவும் சேர்த்து மக்கள் கேட்டுக்கொண்டார்கள்.

வெளியுறவு வேறொரு பாதையிலும் ஓட்டுக்குள் வரும், அது அநேகமாக இதைவிடப் பெரிய பாதை: "இந்த ஆளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா" என்ற பொதுவான எண்ணம். 1980 நவம்பர் 4, தேர்தல் நாள், டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிக்கப்பட்டதன் முதலாண்டு நிறைவு. ஒவ்வொரு இரவும் டிவியில் பணயக் கைதிகளின் நாள் எண்ணிக்கை ஓடியது. கார்ட்டர் தோற்றதற்கு விலைவாசியும் வேலையின்மையும் முக்கியம். ஆனால் இரண்டும் சேர்ந்து "கையாலாகாதவர்" என்ற ஒரே பிம்பமாகின. பைடனின் செல்வாக்கு 50 சதவீதத்துக்குக் கீழே போனது 2021 ஆகஸ்டில் காபூலை விட்டு வெளியேறிய குழப்பத்தின்போது. அதற்குப் பிறகு அது 50-க்கு மேலே ஏறவே இல்லை. ஆப்கானிஸ்தானை வைத்து 2024-இல் ஓட்டுப் போட்டவர் யாருமில்லை. அந்த எண்ணம் மட்டும் தங்கிவிட்டது. எதிர்த்திசையில், வளைகுடாப் போர் வெற்றியால் 1991-இல் 89 சதவீத ஆதரவோடு இருந்த பெரிய புஷ், அடுத்த வருடமே 37 சதவீத ஓட்டோடு வீட்டுக்குப் போனார். வெளிநாட்டில் தோற்றால் அது ஒட்டிக்கொள்கிறது, ஜெயித்தால் சீக்கிரம் மறந்துபோகிறது.

டியர்போர்ன் இனி எந்தப் பக்கம் என்று கேட்டால், கியூபர்கள் மாதிரி நிரந்தரமாகப் போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 2025 பிப்ரவரியில் காசாவை அமெரிக்கா எடுத்துக்கொண்டு கடற்கரைச் சொகுசு நகரமாக்கும் என்று டிரம்ப் பேசியதும், அவருக்காகப் பிரசாரம் செய்த அரபு அமெரிக்கர் குழுவே தன் பெயரில் இருந்து டிரம்பை எடுத்துவிட்டது. ஜூனில் வந்த புதிய பயணத்தடைப் பட்டியலில் ஏமன் திரும்பவும் இருந்தது. ஹாம்டிராமக்கில் மனைவியை அழைத்துவரக் காத்திருந்தவர்களுக்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மறுபக்கம், காலிபைக் குவைத்துக்கும் பஸ்ஸியைத் துனீசியாவுக்கும் தூதராக டிரம்ப் முன்மொழிந்தார். ஜனநாயகக் கட்சியில் கிடைக்காத மரியாதை என்று அதைக் கொண்டாடியவர்களும் உண்டு. இவர்கள் திரும்பி வருகிறார்களா என்று பார்க்க வேண்டுமென்றால் 2028 வரை காத்திருக்க வேண்டாம், அதிபர் வரியையும் பார்க்க வேண்டாம். 2026 நவம்பரில் மிச்சிகனில் ஆளுநர் தேர்தலும் செனட் தேர்தலும் இருக்கின்றன. டியர்போர்ன் இருக்கும் வெய்ன் கவுன்ட்டி தன் முடிவுகளைச் சாவடி வாரியாக வெளியிடும்போது, வாரன் அவென்யூவை ஒட்டிய சாவடிகளில் 'ஸ்ட்ரெயிட் பார்ட்டி' கட்டத்தில் ஜனநாயகக் கட்சிக்கு எத்தனை பேர் நிரப்பினார்கள் என்று மட்டும் 2022-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது குறையாமல் இருந்தால் நடந்தது தண்டனை. குறைந்திருந்தால் அவர்கள் போய்விட்டார்கள்.